ஆறு லிஃப்ட் ஊர்

லிஃப்டின் கதவில் வலது காதை ஒட்டி வைத்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்தபடி நின்றுகொண்டிருப்பார். ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கை, யாரும் பேசக் கூடாது என்று உயர்ந்திருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள், உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு இவரிடம் ரகசியம் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். "ஐயோ, உள்ள யாராவது இருக்காங்களா?" என்று பதறினேன். உயர்த்திய கையை அவர் இறக்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, "மூணாவது மாடில கதவு ரோலர் ஒண்ணு முனகுது மேடம். இன்னும் ஒரு வாரம் தாங்கும். அதுக்குள்ள மாத்திருவேன்" என்றார். நாங்கள் நின்றிருந்தது தரைத்தளத்தில்.

நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகம் நான்காவது மாடியில் இருக்கிறது. என் வலது முட்டியோ ஏழு வருடமாக என் பேச்சைக் கேட்பதில்லை. எனவே எனக்கு லிஃப்ட் ஆடம்பரம் இல்லை, வயிற்றுப்பிழைப்பு. அது நின்றுபோன ஒரு நாள், நான் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் விழுந்தபோது, மோட்டார் அறையிலிருந்து இறங்கி வந்தவர் வாசலில் நின்று கேட்டார்: "வலது முட்டிதானே மேடம்?" நான் யாரிடமும் சொன்னதில்லை. "ஒரு அடி தொம்முனு விழுது, அடுத்த அடி கேக்கவே மாட்டேங்குது. போய்க் காட்டுங்க. தேஞ்ச பேரிங்க வெச்சிக்கிட்டு ஓட்டிட்டே இருக்கக் கூடாது." என் முட்டியை பேரிங் என்று சொன்ன முதல் ஆள் அவர். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் டாக்டரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீட்டி முழக்கி.

இவருக்குப் பெயர் உண்டு. சட்டையில் தைத்தும் இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். காரணம், எங்கள் ஊரில் மொத்தமே ஆறு லிஃப்ட். ஆஸ்பத்திரியில் இரண்டு, துணிக்கடையில் ஒன்று, லாட்ஜில் ஒன்று, எங்கள் கட்டடத்தில் ஒன்று. ஆறாவது, மாடிக்குப் போகச் சோம்பல்பட்ட ஒரு பணக்காரர் வீட்டில். ஆறுக்கும் இவர் ஒருவர்தான் வைத்தியர். இங்கே வருவதற்கு முன் பெரிய நகரத்தில் இவர் கையில் அறுபத்திரண்டு லிஃப்ட் இருந்தன.

"அறுபத்திரண்டுல தினமும் நாலஞ்சாவது மூஞ்சியத் தூக்கிக்கும் மேடம்" என்பார். பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் வண்டியை எடுத்தால், அவர்கள் தூங்கிய பிறகுதான் திரும்புவார். ஒன்பதாவது மாடியில் இரண்டு அறை வீடு. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அதிசயமாக வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து அவள் கையை ஆட்டி, "டாட்டா அப்பா" என்றாளாம். விளையாடுகிறாள் என்று நினைத்து இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் உள்ளே போய் இவருடைய ஷூ இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து காலடியில் வைத்தாள்.

"அப்பான்னா கெளம்பற ஆளுன்னு முடிவே பண்ணிட்டா மேடம். என்னை வழியனுப்பறா." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அடுத்த நாளே கம்பெனியில் போய், யாரும் கேட்காத இந்த ஊரைக் கேட்டு வாங்கினார். ஆறு லிஃப்ட் ஊருக்கு யார் வருவார்கள்? கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சண்டை வீட்டில்தான். அவருடைய மனைவி நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், வாயாடி, கெட்டிக்காரி. கையில் மூன்று மாதப் பையன். "கீழ எறங்கினா மருந்துக்கடை, பக்கத்துத் தெருவுல நல்ல ஸ்கூல், எந்நேரமும் டாக்டர். இதெல்லாம் விட்டுட்டுப் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் பொட்டல்காட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "எல்லாம் இருக்கு. நான்தான் இல்ல" என்றாராம். நான்காம் நாள் அந்த அம்மாள் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தார்.

வந்து இறங்கிய முதல் மாதம் மகள் செய்த கூத்தை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. மூடியிருக்கும் எந்தக் கதவைப் பார்த்தாலும் அதன் பக்கத்துச் சுவரை ஒரு விரலால் அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். வீட்டுக் கதவு, பக்கத்து வீட்டுக் கதவு, ஒரு தடவை எங்கள் அலுவலகத்தில் பீரோ. ஒன்பதாவது மாடியில் வளர்ந்த பிள்ளைக்குக் கதவு என்றால் வேறென்ன? பக்கத்து மளிகைக்கடைக்காரர், அவள் சுவரை அழுத்தும்போதெல்லாம் ஓடிப்போய் உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுவார். ஐம்பது வயது மனிதர், வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு.

லிஃப்ட்காரர் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பிட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தால், பையன் வயிற்றின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வான். மகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவதும் அவரே, திரும்பக் கூட்டி வருவதும் அவரே. மனைவிக்கு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பறை வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவர், பிறகு மெல்ல மெல்ல இறங்கி வந்தார். "இங்க சொத்தைப் பல்லக் காட்டினாக்கூட அது யாரு வீட்டுப் பல்லுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குங்க" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். அலுப்பில் பாதி பெருமை.

அந்த வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். போனால் காது வலிக்கும். லிஃப்ட் வேலையில் ஒருவர் அடியில் குழிக்குள் நிற்பார், ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில் நிற்பார். நடுவில் மாடி மாடியாகக் கத்தித்தான் பேச வேண்டும். பத்து வருடம் கத்தியவருக்கு மெதுவாகப் பேசுவது மறந்தே போய்விட்டது. காதும் காதும் வைத்தமாதிரி எதையும் சொல்ல அவருக்கு வராது. அவரிடம் பேசிப் பேசி மனைவியும் கத்துவார், மகளும் கத்துவாள். "தண்ணி வேணுமாடா?" என்று பையனைக் கேட்டால் நாலாவது வீட்டுக்காரர் எழுந்து பார்ப்பார். பையன் நன்றாகத் தலையாட்டுவான், சிரிப்பான், ஓடி வருவான். மூன்று வயதாகியும் அம்மா, அப்பா, தா என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. "பசங்க லேட்டாத்தான் பேசுவானுங்க" என்று எல்லோரும் சொன்னோம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நானும்தான் சொன்னேன்.

மளிகைக்கடைக்காரர் மட்டும் சொல்லவில்லை. அவர் தாழ்ந்த குரலில் பேசுகிறவர். சாயங்காலமானால் பையன் கடையில்தான் நிற்பான். எதிரில் நின்று கூப்பிட்டால் ஓடி வருகிறவன், முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அவருக்குப் பட்டது. பிஸ்கட் டின்னின் மூடியை அவனுக்குப் பின்னால் தரையில் போட்டுப் பார்த்தார். கடையில் நின்ற நாலு பேர் திடுக்கிட்டார்கள். அவன் மிட்டாய் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாளில் முடிவு கட்டக் கூடாது என்று மூன்று நாள் போட்டுப் பார்த்திருக்கிறார். நாலாவது நாள் லிஃப்ட்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க தம்பி" என்று ஆரம்பித்தார்.

லிஃப்ட்காரர் தப்பாகத்தான் நினைத்தார். "அண்ணே, எனக்கா காதப் பத்திச் சொல்றீங்க?" என்று சுள்ளென்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாள் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. ஆனால் மனசு கேட்குமா? மூன்றாம் நாள் பையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று, கடைக்காரர் பேசுகிற மாதிரி, ஊரில் மற்றவர்கள் பேசுகிற மாதிரி, சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டார். அவன் அடுத்த டப்பாவை எடுத்து வைத்தான்.

அன்றைக்கு அவர் எங்கள் கட்டடத்துக்கு வந்தது சர்வீஸுக்கு இல்லை. மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் அந்த மாடியில் நின்று திறந்தபோது பார்த்து, வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாடில தேயற ரோலர் எனக்குக் கீழ கேக்குது மேடம். உங்க முட்டி எனக்குக் கேக்குது. மூணு வருஷமா தினமும் எம் வயித்து மேல படுத்துக் கெடக்கறான். அவனுக்குக் கேக்கலேங்கறது எனக்குத் தெரியல." "நாங்க கத்திக் கத்தியே அதை மூடி வெச்சிருக்கோம்." அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவராகவே எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே கடைக்காரரிடம் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. இருவரும் ரொம்ப நேரம் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார்களாம்.

நகரத்து ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கிறது, சாதாரணமாகப் பேசினால் பாதிக்கு மேல் கேட்கவில்லை. இரண்டு காதிலும் மெஷின் வைக்க வேண்டும், வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி, குறைந்தது இரண்டு வருடம். "மூணு வயசுல கண்டுபிடிச்சுட்டீங்களே, நிறையப் பிள்ளைங்க ஸ்கூல்ல மக்குன்னு பேர் வாங்கினப்புறம்தான் இங்க வருதுங்க" என்று டாக்டர் பாராட்டினாராம். "நாங்க கண்டுபிடிக்கல டாக்டர், எங்க கடைக்காரர்" என்று இவர் சொன்னதற்கு அவர் புரியாமல் விழித்தாராம்.

நகரம் ரயிலில் ஏழு மணி நேரம். ஒரு மாதம் அலைந்து பார்த்தார்கள். மனைவிக்கு விடுப்பு தீர்ந்தது, பையன் பயிற்சி அறையில் உட்கார்ந்தபடியே தூங்கினான், அக்கா பக்கத்து வீடுகளில் மாறி மாறிப் படுத்தாள். இப்படி ஓட்ட முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அங்கே குடிபோவதா, இங்கே இருந்துகொண்டு முடிந்ததைச் செய்வதா என்பதுதான் கேள்வி. இந்தத் தடவை சண்டை தலைகீழ். நகரம் வேண்டும் என்றவர் இவர், வேண்டாம் என்றவர் மனைவி. அப்போது நானும் அங்கேதான் இருந்தேன்.

"எங்க போனாலும் நம்ம பிள்ளைங்க மேல பத்துக் கண்ணு இருக்கு இங்க. அங்க எந்தக் கடைக்காரன் மூணு நாள் மூடியப் போட்டுப் பாப்பான்?" என்றார் அந்த அம்மாள்.

"அங்க டாக்டர் இருக்காரு. ட்ரெய்னிங் இருக்கு."

"இது போன தடவ நான் சொன்னது. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? எல்லாம் இருக்கு, நீங்கதான் இல்லேன்னீங்க. இப்பவும் அதேதான். அறுபது லிஃப்டுக்கு நடுவுல உங்கள எங்க தேடறது? காது வந்ததும் அவன் மொதல்ல கேக்கப்போறது உங்க வண்டி கெளம்பற சத்தத்ததான்."

இந்த வார்த்தை அவரை எங்கேயோ போய்த் தைத்தது. கத்துகிறவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "கண்டுபிடிச்சது இந்த ஊரு. சரிபண்ணப்போறது அந்த ஊரு. ரெண்டு ஊரையும் கும்பிடணும். நான் வேற மாதிரி கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

அந்த வேற மாதிரியை மறுநாள் எங்கள் அலுவலகத்து வராந்தாவில் நின்று போனில் கேட்டார். கம்பெனி மேனேஜர் அவரைத் திரும்ப வரச் சொல்லி ஏற்கெனவே ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் பதவி, கீழே இருபது மெக்கானிக்குகள். பத்து வருடமாக இவர் கனவு கண்ட நாற்காலி அது. இவர் கேட்டதோ, பையன் பயிற்சிக்குப் போகும் அதே ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக உட்காரும் ஒரு மெக்கானிக் வேலை. காலை எட்டிலிருந்து நாலு வரை ஒரே கட்டடம், அதே லிஃப்டுகள். மேனேஜர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ரிட்டயர் ஆகப்போறவன் கேக்கற எடம்யா அது! உன் காதுக்கு அங்க என்ன வேல இருக்கு?"

"இருக்கு சார்" என்றார் இவர். "நாலு மணிக்கு மேல இருக்கு." போனை வைத்த பிறகு என்னிடம் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார்.

அவர்கள் புறப்பட்ட அன்று தெருவே லாரியில் சாமான் ஏற்றியது. மனைவி அழுதுகொண்டே கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். மகள், போகும்போது எல்லா வீட்டுக் கதவையும் தள்ளித் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கடைக்காரர் மட்டும் கடையை விட்டு இறங்கவில்லை. "நீங்க போறதப் பாத்தா, பேசாம சொல்லாமலே இருந்திருக்கலாமோன்னு தோணுது தம்பி" என்றார். லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பார்த்ததிலேயே முதல் தடவையாக, மெதுவாக ஏதோ சொல்ல முயன்றார். பத்து வருடம் கத்திய குரல் அதற்கு இணங்கவில்லை.

இப்போது எங்கள் லிஃப்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளைஞர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். கதவில் காது வைப்பதில்லை. லேப்டாப்பில் வயரைச் சொருகி, "எல்லாம் நார்மல்" என்கிறார். அவர் போன மறுநாள் அது நிற்கிறது. நான் நான்கு மாடி ஏறுகிறேன். ஏறும்போதெல்லாம் லிஃப்ட்காரரைத் திட்டிக்கொண்டுதான் ஏறுகிறேன். மேலே போய்ச் சேர்ந்ததும், நல்லபடியா இருக்கட்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

அப்படி ஏறியதில் என் முட்டி போன மாதம் என்னை அந்த நகரத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் விட்டது. வெளிநோயாளிகள் பிரிவு வராந்தாவில் நடந்துகொண்டிருக்கிறேன். "என்ன மேடம், இடது முட்டியும் சேந்துக்கிச்சா?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டைக்குரல். அதே காக்கிச் சட்டை, கொஞ்சம் தொப்பை. குரல் மட்டும் வேறு ஆளுடையது. பயிற்சி தரும் டீச்சர், வீட்டில் கத்தாமல் நிதானமாகப் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாராம். "எம் பையனுக்கு முன்னாடி நான் பேசக் கத்துக்கிட்டிருக்கேன் மேடம். ரொம்ப கஷ்டம்" என்றார்.

மணி நாலடித்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். தரைத்தளத்திலேயே இருந்த பயிற்சி அறைக்குப் போய்ப் பையனைக் கூட்டிவந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் நீலநிறத்தில் சின்னதாக ஒரு மெஷின். என்னைப் பார்த்து, "யாரு?" என்றான். தெளிவாக, கணீரென்று. "நம்ம ஊரு மேடம்டா" என்றார் அவன் அப்பா. எந்த ஊரை நம்ம ஊர் என்கிறார் என்று நான் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

வீடு இரண்டு தெரு தள்ளி, ஐந்தாவது மாடியில். பள்ளி விட்டு வரும் மகளை எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறாராம். மனைவி வேலை முடிந்து வர ஆறாகும், ஆனால் பார்க்காமல் போனால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று பயமுறுத்தி என்னையும் கூட்டிப் போனார். பஸ், ஆட்டோ, இரும்புக் கடை, யாரோ சுவரில் துளை போடுகிறார்கள். அந்த இரைச்சலில் அவர் வாய் ஓயாமல் கட்டடத்து லிஃப்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அதற்கு ஐந்தாவது மாடிக் கதவில் கோளாறாம், யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்களாம்.

கட்டடத்துக்கு எதிரில் தெருவைக் கடக்க நின்றோம். பையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். இவர் பேச்சை நிறுத்தவில்லை. மறுபடி இழுத்தான். "என்னடா கண்ணு?" என்று அவன் உயரத்துக்குக் குந்தினார். எனக்கும் எதுவும் கேட்கவில்லை, வண்டிச் சத்தத்தைத் தவிர. அவன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அப்பாவின் கன்னங்களைப் பிடித்து, முகத்தை மெதுவாக மேலே திருப்பினான். ஐந்தாவது மாடி பால்கனிக் கம்பிக்கு மேல் எக்கி நின்று அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.